மற்றப் பகுதி ஆள்

கலியாண வீடியோ என்பது கலியாணத்துக்கு வந்தவர்கள் பிற்காலத்தில் போட்டுப் பார்த்து மகிழ்வதற்காக எடுக்கப்படுவது என்று படித்தவர்கள் மத்தியிலும் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. இது முற்றிலும் தவறு. இத்தனை காலமும் இதைத் திருத்த ஒருவரும் முன்வராதது வருந்தத்தக்கது. கலியாண வீடியோ வராதவர்களுக்காக எடுக்கப்படுவது. வந்தவர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள், அவர்களோடு அந்தக் காரியம் முடிந்தது. ஆனால் விசா கிடைக்காமல் யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்ட தாய்க்கும், விசா இருந்தும் லீவு கிடைக்காமல் சுவிஸில் பேர்ணில் இருந்துவிட்ட தமக்கைக்கும், இரண்டும் இருந்தும் பத்து வருடத்துக்கு முந்திய கோபம் ஒன்றினால் ரொறன்ரோவில் இருந்துவிட்ட சித்தப்பாவுக்கும் அந்தக் கலியாணம் வீடியோ கசற் வந்து சேருகிற நாளில்தான் நடக்கிறது. அன்றைக்குத்தான் தாலி ஏறுகிறது. அன்றைக்குத்தான் தாய் அழுகிறாள். மண்டபத்தில் நடந்தது வெறும் ஒத்திகை.

பாரிஸில் இதை ஐயமின்றி அறிந்திருந்தவன் நவம். நவரத்தினராசா என்ற முழுப்பெயர் அவனுடைய அகதி அட்டையில் மட்டும் இருந்தது. பாரிஸுக்குப் புறத்தே லா கூர்நெவில் லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடியில் ஒற்றை அறை, அதில் இரண்டு வீடியோ டெக், ஒரு தொலைக்காட்சி, ஒரு கட்டில். ஒவ்வொரு கலியாணத்தையும் அவன் மூன்று விதமாகக் கொப்பி பண்ணுவான், ஊருக்கு ஒரு முறை, பிரான்ஸுக்கு ஒரு முறை, கனடாவுக்கு ஒரு முறை, ஏனென்றால் அந்தந்த நாட்டுப் பெட்டிக்கு அந்தந்த நாட்டுப் பாஷையில் சொல்லாவிட்டால் திரையில் கோடு ஓடும், அல்லது கூறைச்சீலை கறுப்பு வெள்ளையில் வரும். மணமக்களைத் தாமரைப் பூவுக்குள் வைப்பது, ஈபிள் கோபுரத்துக்கு மேலே பறக்கவிடுவது எல்லாம் எல்லாரும் செய்ததுதான். நவத்தின் தனித்தன்மை வேறு. அவன் கமராவைக் கதிரை வரிசை வரிசையாக, ஒரு முகத்தில் இரண்டு செக்கன் என்று, ஒருவரையும் விடாமல் நகர்த்திக்கொண்டு போவான். ஆர் வந்தது, ஆர் வரவில்லை, வந்தவர் என்ன உடுத்தார், ஆருக்குப் பக்கத்தில் இருந்தார் என்பதெல்லாம் வராதவர்கள் அறிய வேண்டிய விஷயங்கள் என்பது அவன் கொள்கை.

அவனுக்கு முப்பத்தொன்பது வயது. கலியாணத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம், முதலில் தங்கச்சிமாருக்கு முடியட்டும் என்று சொல்லிவந்தான். மூன்று தங்கச்சிமாருக்கும் முடிந்து, மூத்தவளின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கும் முடிந்த பிறகும் அதையே சொன்னான்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு வைகாசியில், வழக்கமாக லைற் பிடிக்கிறவர் கனடாவுக்குப் போய்விட்டதால், ஆரோ அனுப்பி எட்வின் வந்தான். மன்னார்ப் பேசாலைக்காரன், முப்பத்தைந்து வயது, வள்ளத்து எஞ்சின் திருத்தியே தடித்துப்போன கை. அகதிக் கோரிக்கை இரண்டாம் முறையும் நிராகரிக்கப்பட்டு, லண்டனுக்குப் போக, களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் தகவலுக்காகக் காத்திருந்தவன். பழுப்பில் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை ஒன்றுதான் கலியாணத்துக்குப் போடக்கூடியதாக அவனிடம் இருந்தது.

லைற் என்பது ஆயிரம் வாட் ஹலஜன். கமராவுக்கு இடப்பக்கம் நின்று, கையைத் தலைக்கு மேலே உயர்த்தி அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"அண்ணை, இதை எவ்வளவு நேரம் பிடிக்கோணும்?"

"தாலி ஏறும் மட்டும்."

"தாலி எப்ப ஏறும்?"

"ஐயர் மனம் வைக்கேக்க."

ஐயர் அன்று எளிதில் மனம் வைக்கவில்லை. முகூர்த்தம் நெருங்கியபோது எட்வினின் கை நடுங்கத் தொடங்கியது, வெளிச்சம் மணப்பெண்ணின் நெற்றியில் துள்ளியது. நவம் வலக்கையால் கமராவைப் பிடித்தபடி, இடக்கையை நீட்டி அவனுடைய முழங்கையைக் கீழேயிருந்து தாங்கிக்கொண்டான். தாலி ஏறியது, அட்சதை விழுந்தது, கெட்டிமேளம் அடித்து ஓய்ந்தது, ஐயர் அடுத்த சடங்குக்குப் போனார், நவத்தின் கை அங்கேயே இருந்தது. அந்தக் கசற்றில் தாலி கட்டும் இடத்தில் படம் இலேசாக நடுங்கும். நவம் எடுத்த முந்நூற்றுச் சொச்சம் கலியாணங்களில் படம் நடுங்கியது அந்த ஒன்றில்தான்.

படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க மறுநாள் ஐந்து மாடி ஏறி வந்த எட்வின் பதினொரு நாள் திரும்பிப் போகவில்லை.

அந்தப் பதினொரு நாளில் அவன் நின்றுபோயிருந்த சுவர் மணிக்கூட்டைத் திருத்தினான், சொட்டிக்கொண்டிருந்த குழாயைத் திருத்தினான், கருவாட்டுக் குழம்பு வைத்தான், படியில் கண்ட நாலாம் மாடித் தமிழ் மனிசியிடம் "அக்கா, உங்கட கறி வாசத்தில மேல எங்களுக்குச் சோறு இறங்குதில்லை" என்று சொல்லிச் சிரிக்கவைத்தான், யன்னலைத் திறந்து வைத்துப் பேசாலை மாதா பாட்டுப் பாடினான், நவம் டெக்குகளுக்கு முன்னால் குந்தியிருந்து வெட்டுவதையும் ஒட்டுவதையும் பின்னால் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். பதினான்கு வருடமாக ஊர் முழுக்கவும் முகம் பார்த்துவந்த நவம், தன் முதுகை ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை அறிந்தவாறு வேலை செய்வது எப்படியிருக்கும் என்று அப்போதுதான் அறிந்தான், மணமக்களை ஈபிள் கோபுரத்துக்கு மேலே பறக்கவிட மறந்தான். ஆறாம் நாள் எட்வின் அவனை அண்ணை என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான்.

"இஞ்சேருங்கோ, உப்புக் காணுமோ எண்டு பாருங்கோ."

ஊரில் பெண்சாதிமார் புருசனைப் பெயர் சொல்லாமல் கூப்பிடுகிற கூப்பாடு அது. நவத்தின் காது சிவந்தது.

"ஆரைக் கூப்பிடுறீர்?"

"ஏன், இந்த அறையில வேற ஆரும் நிக்கினமோ?"

பதினோராம் நாள் மத்தியானம் ஏஜென்சிக்காரனின் தகவல் வந்தது. கலே துறைமுகத்தில் ஒரு லொறி, மரக்கறி ஏற்றுகிற குளிர்ப்பெட்டி, நாளைக்கு. எட்வின் சட்டையைத் தோய்த்து யன்னலில் காயப்போட்டுவிட்டு வந்து கட்டிலில் இருந்தான்.

"போக முதல் என்னை ஒருக்கா எடுங்கோவன்."

கமரா மேசையில் இருந்தது. மின்கலம் நிறைந்திருந்தது. நல்ல வெளிச்சம். நவம் கமராவைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். கசற் என்ற சாமான் ஒரு வீட்டில் நிற்காது என்பது அவனுக்குத் தெரிந்த அளவுக்கு ஒருவருக்கும் தெரியாது. சட்டையில்லாத உடம்போடு ஒருவன் தன் கட்டிலில் இருந்து சிரிக்கிற கசற்றை ஆராவது ஒருநாள் ஏதோ ஒரு பெட்டிக்குள் தள்ளுவார்கள், பார்க்கிறவர்கள் சிரிக்கிறவன் ஆரென்று கேட்க மாட்டார்கள், கமரா பிடித்தவன் ஆரென்று கேட்பார்கள்.

"லைற் பிடிக்கிறவனை எடுத்தா, லைற் ஆர் பிடிக்கிறது?" என்றான்.

எட்வின் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அப்ப நான் ஆற்ற கசற்றில இருக்கிறது?" என்று கேட்டான். நவம் கமராவுக்கு மூடியைப் போட்டான். சட்டை முழுக்கக் காய முன்னரே எட்வின் அதைப் போட்டுக்கொண்டு போனான். லண்டன் போனதும் போன் எடுப்பதாகச் சொல்லியிருந்தான். போன் ஆனி முழுக்கவும் அடித்தது, எல்லாம் கலியாணக்காரர்கள்.

ஆனிக் கடைசியில் எடுத்த சிற்றம்பலத்தார் மகளின் கலியாணக் கசற்றில் எட்வின் நின்றான். மண்டபத்தின் இரண்டாவது தூணருகே, கட்டம் போட்ட சட்டையோடு, வலக்கையைத் தலைக்கு மேலே சற்று உயர்த்தி நின்று, மணவறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். கமரா வழக்கம்போல முகத்துக்கு இரண்டு செக்கன் என்று நகர்ந்துபோய், அவனிலும் இரண்டு செக்கன் நின்று, அடுத்த முகத்துக்குப் போயிற்று. எடுத்த அன்று அந்தத் தூணருகே ஒருவரும் நின்றிருக்கவில்லை. நவம் ரீவைண்ட் பண்ணிப் பார்த்தான். நின்றான். கனடாக் கொப்பியிலும் நின்றான், அதில் சற்றுப் பச்சையாக.

பொம்பிளை பகுதியார் கசற்றைப் பார்த்துவிட்டு, அவர் மாப்பிள்ளை பகுதி ஆள் என்று முடிவு செய்தார்கள். மாப்பிள்ளை பகுதியார் பொம்பிளை பகுதி ஆள் என்று முடிவு செய்தார்கள். ஒருவரையொருவர் கேட்கவில்லை. கேட்டால், சம்பந்தம் செய்த இடத்தின் உறவு முறையே தெரியாதவர்கள் என்றாகிவிடும். பாயாசம் பரிமாறி மாமா மச்சான் என்று கூப்பிட்டுவிட்டு அப்படியொரு மரியாதைக் கேட்டைத் தேடிக்கொள்ள ஒருவரும் துணியவில்லை. அடுத்த கலியாணத்திலும் அவன் நின்றான், அதற்கடுத்த சாமத்தியச் சடங்கிலும் தூணருகே போன சாப்பாட்டு வரிசையில் நின்றான், அங்கே தாய் பகுதிக்கும் தகப்பன் பகுதிக்கும் மற்றப் பகுதி ஆளானான். நாற்பத்தொரு கொண்டாட்டங்களில், எண்பத்திரண்டு குடும்பங்களுக்கு, அவன் மற்றப் பகுதி ஆளாக இருந்தான்.

ஆவி என்று சிலர் பிற்காலத்தில் சொன்னது சரியல்ல. ஆவிகள் வரிசையில் நிற்பதில்லை. அதோடு ஆவி வந்த இடம் இருண்டுபோகும் என்பார்கள், இவன் நின்ற இடத்தில் வெளிச்சம் கூடியது; அவனுடைய உயர்த்திய கையிலிருந்து விழுந்ததுபோல ஒரு பொன்னிற வெளிச்சம் பக்கத்து முகங்களில் விழுந்து, கொழுப்பும் நீரிழிவும் சேர்ந்த மாமிமார்கூடக் கோயில் சிலைபோலத் தெரிந்தார்கள். இதனால் நவத்துக்கு ஓடர் குவிந்தது. போட்டிக்காரன் ஒருவன் கட்டம் போட்ட சட்டை போட்ட இருவரைக் கூலிக்குப் பிடித்துத் தூணருகே நிறுத்திப் பார்த்தான். அவர்கள் படத்தில் சும்மா இரண்டு பேராக விழுந்தார்கள்.

பேர்ணிலிருந்து கமலாம்பிகை என்ற ஒருத்தி போன் எடுத்தது மார்கழியில். அவளுடைய தம்பி தொண்ணூறாம் ஆண்டு சைக்கிளில் கடைக்குப் போனவன், சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது.

"தூணடியில நிக்கிறவர் என்ர தம்பி" என்றாள். "முகத்தில நாடி கொஞ்சம் மாறியிருக்கு. எட்டு வருசத்தில மாறும்தானே."

அதன் பிறகு வவுனியாவிலிருந்து ஒரு தாய், ஒஸ்லோவிலிருந்து ஒரு தகப்பன், மட்டக்களப்பிலிருந்து ஒரு பெண்சாதி என்று, கமலாம்பிகையோடு சேர்த்து ஏழு வீட்டார் அவனைத் தங்கள் காணாமற்போனவன் என்று அடையாளம் கண்டார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கவில்லை. கசற் ஒழுங்கு முறையாக ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தபாலில் போயிற்று, ஒவ்வொரு வீட்டிலும் அவனுக்கென்று ஒரு தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டுக் கசற்றைப் போட்டார்கள்.

நவம் மட்டும் அவனுக்குச் சோறு போடவில்லை. தனக்கென்று ஒரு கசற் செய்ய முயன்றான், அவ்வளவுதான். எட்வின் நிற்கிற எல்லா இரண்டு செக்கன்களையும் வெட்டி ஒட்டி ஒரு வெறும் கசற்றில் ஏற்றினான், ஓட்டிப் பார்த்தபோது அதில் தூண்கள் மட்டும் இருந்தன. நாற்பத்தொரு தூண்கள். ஆருக்காவது அனுப்பப் போகிற கசற்றில்தான் அவன் நின்றான். அதிலும் ஒருமுறையாவது கமராவைப் பார்க்கவில்லை. மணவறையைப் பார்த்தான், சாப்பாட்டைப் பார்த்தான், பக்கத்தில் நின்று அழுத குழந்தையைப் பார்த்தான். மண்டபத்தில் படம் எடுக்கும்போது நவம் வெறும் தூணில் கமராவை நீண்ட நேரம் நிறுத்தி, ஒருவருக்கும் கேட்காமல், "இஞ்ச பாரும்" என்று சொல்லத் தொடங்கினான். தூணை அப்படிக் காட்டுவது புது ஸ்ரைல் என்று மற்ற வீடியோக்காரரும் தூணைக் காட்டினார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு, புரோக்கர் சபாநாதர் ஃபைலும் குடையுமாக ஐந்து மாடி ஏறி வந்து, கட்டிலில் இருந்து இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்த பின் பேசினார்.

"தம்பி, உமக்குக் கலியாணம் ஏன் சரிவரேல்லை எண்டு இப்ப விளங்குது. எந்தப் பொம்பிளை இவ்வளவு படி ஏறுவாள்?"

"என்ன விசயமண்ணை?"

"உமக்கில்லை, பயப்பிடாதையும். தூணடியில நிக்கிறவருக்கு. நாற்பது கலியாணத்தில நிண்டுட்டார், அவருக்கொண்டு நடக்கேல்லை எண்டு கமலாம்பிகை அழுகிறா. ஏழு வீட்டாரும் ஒத்துக்கொண்டு கையெழுத்து வைச்சிருக்கினம். வவுனியாவில ஒரு ரீச்சர், நாற்பது வயது, தங்கமான பிள்ளை. கசற்றில பாத்துட்டு ஓம் எண்டிட்டா. எட்டுப் பொருத்தம்."

"ஆற்ற சாதகத்தைப் பாத்தனீங்கள்?"

"ஏழு வீட்டுச் சாதகமும் பாத்தன். பொருந்தினதை எடுத்தன். கூறைச்சீலையும் எடுத்து அவவுக்கு அனுப்பியாச்சு. இனி ஒண்டுதான் குறை, ஆள் எங்கயெண்டு தெரியோணும். படம் எடுத்தது நீர்."

நவம் டெக்கை நிறுத்தினான். சபாநாதர் ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டு குரலைத் தணித்தார்.

"நாலாம் மாடி மனிசி ஒரு கதை சொன்னது. ரெண்டு வருசத்துக்கு முந்தி உம்மோட ஒருத்தர் இஞ்ச நிண்டவராம். கட்டம் போட்ட சட்டையாம். நல்ல பகிடிக்காரனாம்." அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார், பார்க்க அதிகம் இருக்கவில்லை. "ஒரு அறை, ஒரு கட்டில். நான் ஒண்டும் கேக்கேல்லைத் தம்பி. எனக்கு விலாசம் மட்டும் காணும். இல்லாட்டி, ஆர் எவர், ஊர் எது, பேர் என்ன, உமக்கு என்ன முறை எண்டு ஒரு சொல்லுச் சொல்லும், நான் கமலாம்பிகைக்குச் சொல்லி விடுறன்."

ஒரு சொல். அது நவத்தின் வாய்க்குள் வந்திருந்தது, எட்வினின் பெயராகவும் பேசாலையாகவும் வந்திருந்தது, குளிர்ப்பெட்டியில் போனவனுக்குக் காத்திருக்கிறவன் நான்தான், சோறு போட்டு வைக்க வேண்டிய எட்டாவது வீடு இதுதான் என்பதாகவும் வந்திருந்தது. அதைச் சொன்னால் சபாநாதர் ஐந்து மாடி இறங்கி முடிக்கும் முன் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், மண்டபங்களில் பெண்பிள்ளைகளின் முகத்துக்கு நேரே கமரா பிடிக்க ஒருவரும் விடமாட்டார்கள், மூன்று தங்கச்சிமாரும் போன் எடுத்துவிட்டுப் பேசாமல் அழுவார்கள், ஆனால் எட்வின் ஒருவனுடையவன் ஆகிவிடுவான். மணிக்கூடு ஓடுகிற சத்தம் கேட்டது. எட்வின் திருத்தியது.

"எனக்குத் தெரியாதண்ணை" என்றான் நவம். "மற்றப் பகுதி ஆளாயிருக்கும்."

"எந்தக் கலியாணத்தில மற்றப் பகுதி?"

"எல்லாத்திலயும்."

சபாநாதர் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். "நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றார், ஆறுதலாக.

அடுத்த சனிக்கிழமை ஒரு கலியாணம். செவ்வாய் காலை நவம் அதை வெட்டி ஒட்ட உட்கார்ந்தான். எட்வின் வந்திருந்தான். தூணடியில் அல்ல, மணவறைக்குப் பக்கத்தில், கமராவுக்கு இடப்பக்கம், லைற் பிடிக்கிறவன் நிற்கிற இடத்தில். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தபோது அவன் திரும்பி நேராகக் கமராவைப் பார்த்தான். கோபமில்லை. எஞ்சின் ஒன்றைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இது இனி ஓடாது என்று வள்ளக்காரனுக்குச் சொல்ல வருகிறவனின் முகம். நாலு செக்கன் பார்த்தான். பிறகு இரண்டு வருடமாக உயர்த்தியிருந்த கையை மெதுவாகக் கீழே விட்டான், மற்றக் கையால் முழங்கையைத் தடவிக்கொண்டான். தாலி இருட்டில் ஏறியது.

நவம் ரீவைண்ட் பண்ணினான். மணவறை இருந்தது, இருட்டு இருந்தது, இடப்பக்கத்தில் ஒருவரும் இல்லை. பின்னேரம் வரை ரீவைண்ட் பண்ணிக்கொண்டிருந்தான்.

அந்தக் கிழமையே ஏழு வீட்டிலிருந்தும் போன் வந்தது. கமலாம்பிகைதான் முதலில்.

"தம்பி, கசற்றில தூண் மட்டும்தான் தெரியுது. பெட்டி பழுதோ எண்டு பக்கத்து வீட்டிலயும் போட்டுப் பாத்தன்."

"கசற் பழுதாப் போச்சு அக்கா."

"மற்றக் கொப்பியள்?"

"எல்லாம்தான்."

அவள் அழவில்லை. சோறு போட்டு வைத்திருப்பதாகவும், இனி அதை என்ன செய்வதென்றும் கேட்டாள். வவுனியா ரீச்சர் கூறையை மடிப்புக் கலையாமல் திருப்பி அனுப்பினாள். அது ஆருக்குச் சேர வேண்டும் என்று ஏழு வீட்டாரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

தாலி இருட்டில் ஏறிய கலியாணத்துக்காரர் குறைப்பட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களும் முகங்கள் கறுப்பாக விழுகின்றன என்றார்கள். தை மாதம் நவம் புது லைற் ஒன்று வாங்கினான். அது மூன்று காலில் தானாக நிற்கும்; பிடிக்க ஆள் தேவையில்லை.